கிரேட் பிரனீஸ் நாய் வாங்கலாமா? வாங்கலாம், முதலில் வேலியைப் போடுங்கள்

நீங்கள் கேட்டதைச் சுருக்கமாக ஒருமுறை சொல்லிக்கொள்கிறேன். டெக்சாஸில் ஐந்து ஏக்கர் நிலம், பன்னிரண்டு வெள்ளாடு, கொஞ்சம் கோழி. போன மாதம் மட்டும் மூன்று ஆட்டுக்குட்டிகளைக் கயோட்டி (ஓநாய் ஜாதியில் சின்னது, நரி மாதிரி இருக்கும்) தூக்கிவிட்டது. மந்தைக்குக் காவல் இருக்கும் கிரேட் பிரனீஸ் நாய்க்குட்டி ஒன்றை வாங்கி, பகலில் நாலு வயசுப் பையனோடு வீட்டுக்குள்ளும் ராத்திரியில் ஆடுகளோடு பட்டியிலும் விடலாமா, ஊரில் அப்பா வளர்த்த லாப்ரடார் மாதிரி சொன்ன பேச்சு கேட்குமா, வளர்ந்த நாய் வாங்குவது நல்லதா குட்டி நல்லதா. இவ்வளவுதானே?

நாய் உங்களுக்குத் தேவைதான். நீங்கள் போட்டு வைத்திருக்கும் திட்டம்தான் உதவாது. குறிப்பாக "பகலில் வீடு, ராத்திரி பட்டி" என்பது. அதற்கு வருகிறேன்.

ஆஸ்டினுக்கு மேற்கே மலைப்பாங்கான பக்கத்தில் எட்டு ஏக்கரில் 2016லிருந்து இந்த இனத்தோடு இருக்கிறேன். ஆடு வளர்க்கிற நிலத்துக்குச் சொத்து வரி குறையுமே என்று ஆடு வாங்கி, ஆட்டுக்காக நாய் வாங்கி, கடைசியில் நாய்க்காக வேலி போட்டு, மிச்சம் பிடித்த வரியெல்லாம் வேலியிலேயே போனது என்பது வேறு கதை. இப்போது இரண்டு நாய்கள். ஆண் பெயர் கருப்பன், பெண் பெயர் வெள்ளச்சி. வெள்ளச்சி சரி, பால் மாதிரி வெள்ளையாக இருக்கும் நாய்க்குக் கருப்பன் என்று எவனாவது பெயர் வைப்பானா என்று வருகிறவர்கள் எல்லோரும் கேட்கிறார்கள். ராத்திரியெல்லாம் எல்லையில் நின்று காவல் காக்கிறவனுக்கு எங்கள் ஊர்ப்பக்கம் வேறு என்ன பெயர் வைப்பார்கள்?

முதலில் பேச்சு கேட்பது. சாயங்காலம் கேட்டுக்குப் பக்கத்தில் நின்று "கருப்பா" என்று கூப்பிடுகிறேன் என்று வையுங்கள். இருநூறு அடி தள்ளி ஓக் மரத்தடியில் படுத்திருப்பவன் தலையை மட்டும் தூக்குவான். என் முகத்தைப் பார்ப்பான், அப்புறம் கையைப் பார்ப்பான், தட்டு இருக்கிறதா என்று. இல்லை. ஆடுகள் எந்தப் பக்கம் நிற்கின்றன என்று ஒரு பார்வை, கிழக்கு வேலிப் பக்கம் மூக்கைத் தூக்கி ஒரு முகர்வு. எல்லாம் சரியாக இருந்தால் ஒரு கொட்டாவி விட்டு எழுந்து, நான் கூப்பிட்டதற்கும் தான் வருவதற்கும் சம்பந்தமே இல்லாத மாதிரி ஒரு சுற்று சுற்றிக்கொண்டு வந்து சேருவான். ஏதாவது சரியில்லை என்றால் வரவே மாட்டான். நான் தொண்டை கிழியக் கத்தினாலும் வர மாட்டான். பத்துத் தடவை அப்படி வராமல் இருந்ததில் ஏழெட்டுத் தடவையாவது நான் போய்ப் பார்த்தபோது அவன் பக்கம் ஏதோ ஒரு நியாயம் இருந்திருக்கிறது, கேட் கொக்கி மாட்டாமல் கிடந்தது, தெருநாய் ஒன்று புதருக்குள் நின்றது, இப்படி.

இதைத் திமிர் என்று எடுத்துக்கொண்டால் நாயோடு சண்டை போட்டே பத்து வருஷம் போய்விடும். லாப்ரடார் மனிதனுடைய கையையும் கண்ணையும் பார்த்து வேலை செய்வதற்காகத் தேர்ந்தெடுத்து வளர்க்கப்பட்டது. ஆடு மேய்க்கும் பார்டர் கோலியும் அப்படித்தான், விசில் இல்லாவிட்டால் அதற்கு வேலை ஓடாது. பிரனீஸ் இன்னொரு வகை. பிரான்சுக்கும் ஸ்பெயினுக்கும் நடுவே இருக்கும் மலையில், மந்தையோடு மந்தையாகப் படுத்து, ஓநாயும் கரடியும் வந்தால் யாரையும் கேட்காமல் முடிவெடுக்க வேண்டிய நாய். ஆள் பக்கத்தில் இல்லாத நேரத்தில் யோசிக்கத் தெரிந்ததைத்தான் தலைமுறை தலைமுறையாக இனப்பெருக்கத்துக்கு வைத்துக்கொண்டார்கள். அந்தப் புத்தியைக் கொடுத்துவிட்டு, நான் கூப்பிட்டால் மட்டும் யோசிக்காமல் ஓடி வா என்றால் எப்படி?

எங்கள் தாத்தா சிவகங்கைப் பக்கம் கிடை போட்டவர். கிடையில் இருந்த நாய் குரைக்கும், தாத்தா கம்போடு எழுந்து போவார். அங்கே நாயும் ஆளும் சேர்ந்துதான் காவல். உங்கள் ஐந்து ஏக்கரில் ராத்திரி ரெண்டு மணிக்குக் கம்போடு படுத்திருக்க ஆள் இல்லை. இந்தியாவில் இதற்கு நெருக்கமான வகை என்றால் இமாச்சலத்தில் கத்தி (Gaddi) என்ற இடையர் சமூகத்தோடு போகும், அவர்கள் பெயரையே கொண்ட கத்தி நாயைச் சொல்லலாம், சிறுத்தை கழுத்தைக் கவ்வாமல் இருக்க முள் வைத்த இரும்புப் பட்டை போட்டிருப்பார்களே, அது. 2025 ஜனவரியில்தான் அதை நாட்டு இனமாக அதிகாரபூர்வமாகப் பதிவு செய்தார்கள். நம் ராஜபாளையமும் சிப்பிப்பாறையும் அதற்கு முன்பே பதிவானவை, ஆனால் அவை வேறு வேலைக்கான நாய்கள்.

அமெரிக்காவில் இந்த நாய்கள் பரவியதற்கே ஒரு காரணம் உண்டு. கயோட்டியை விஷம் வைத்துக் கொன்றுகொண்டிருந்தார்கள். 1972ல் அதிபர் நிக்சன் கூட்டாட்சி அரசின் நிலங்களில் அதைத் தடை செய்தார். அதற்குப் பிறகுதான் ஆட்டுக்காரர்கள் மாற்று வழி தேட ஆரம்பித்தார்கள். மாசசூசெட்ஸில் ஹாம்ப்ஷயர் கல்லூரியில் ரேமண்ட் காப்பிங்கர், லோர்னா காப்பிங்கர் என்ற ஆராய்ச்சியாளர் தம்பதி 1970களின் பிற்பகுதியில் ஐரோப்பாவிலிருந்தும் துருக்கியிலிருந்தும் நாய்களைக் கொண்டுவந்து பண்ணைகளுக்குக் கொடுத்துப் பல வருஷம் கவனித்தார்கள். அவர்கள் மூன்று குணம் பார்க்கச் சொன்னார்கள். மந்தை மேல் கவனம் இருக்கிறதா, மந்தையை நம்பி ஒப்படைக்க முடியுமா, ஆபத்து வந்தால் காக்குமா. பேச்சு கேட்குமா என்பது அந்தப் பட்டியலிலேயே இல்லை பாருங்கள். உங்களுக்கு உள்ளூரிலேயே உதவி வேண்டுமென்றால் சான் ஆஞ்சலோவில் டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தின் விவசாய விரிவாக்க மையம் இந்த நாய்களுக்கென்றே ஒரு திட்டம் நடத்துகிறது, அவர்கள் எழுதியதைப் படியுங்கள், வீடியோ பார்த்து நாய் வளர்ப்பதைவிட ஆயிரம் மடங்கு மேல்.

அடுத்தது குரைப்பு. இதை மனைவியிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பகல் முழுக்கச் செத்த பிணம் மாதிரி தூங்கும், பார்ப்பவர்கள் "இதுவா காவல் நாய்" என்று சிரிப்பார்கள். பொழுது சாய்ந்ததும் எழுந்து உடம்பை ஒரு உதறு உதறி, வேலியோரமாக ஒரு ரவுண்டு போய், அங்கங்கே மூத்திரம் விட்டு, அப்புறம் ஆரம்பிக்கும். விடியும்வரை விட்டுவிட்டுக் குரைக்கும். அதை நிறுத்தப் பழக்கலாமா என்று கேட்காதீர்கள், அதுதான் வேலையே. கயோட்டியோடு கட்டிப்புரண்டு சண்டை போடுவது எப்போதாவது நடப்பது. மற்ற நாளெல்லாம் "இங்கே நான் இருக்கிறேன், வேறு பக்கம் போ" என்று சத்தத்தாலும் வாசனையாலும் சொல்லிக்கொண்டே இருப்பதில்தான் உங்கள் குட்டிகள் பிழைக்கின்றன. ஆறு மாதத்தில் உங்களுக்கே வித்தியாசம் பிடிபடும். தூரத்து ஆம்புலன்ஸுக்கு ஒரு சோம்பல் குரைப்பு, மானுக்கு ஒன்று, வேலி ஓரத்தில் ஏதோ நிற்கிறது என்றால் அடிவயிற்றிலிருந்து இடைவெளியே இல்லாமல் வரும் ஒன்று. அந்தக் கடைசி வகைக்கு மட்டும்தான் நான் இப்போது டார்ச் எடுத்துக்கொண்டு போகிறேன். பக்கத்து வீட்டுக்காரர் படுக்கையறை உங்கள் வேலியிலிருந்து நூறு அடியில் இருந்தால் இந்த இனமே வேண்டாம், ஒரு நல்ல பட்டியும் கதவும் கட்டி ராத்திரி ஆடுகளை உள்ளே அடைத்துவிடுங்கள். நான் முதல் வருஷம் பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் முட்டையும் ஆட்டுக்கறியும் கொடுத்தே காலத்தை ஓட்டினேன். அப்புறம் அவருடைய கோழிகளையும் எதுவும் தொடுவதில்லை என்று அவரே கவனித்த பிறகுதான் பேச்சில் ஒரு குளிர்ச்சி வந்தது.

இப்போது வேலி. நாயைவிட வேலிக்குத்தான் செலவு அதிகம் ஆகும், பயமுறுத்தச் சொல்லவில்லை. இந்த நாயின் மனசில் எல்லை என்பது பத்திரத்தில் இருக்கிற எல்லை கிடையாது, கண்ணுக்கு எட்டுகிற தூரம் வரை அதற்குச் சொந்தம். கருப்பன் வந்த புதிதில் நாலடி ஆட்டுவலைக் கம்பிதான் இருந்தது. ஒன்பது மாதத்தில் கேட்டுக்கு அடியில் மண் பறித்துக்கொண்டு போய்விட்டான். மூன்று மைல் தள்ளி வேறொருவருடைய செம்மறி மந்தைக்கு நடுவில் படுத்திருந்தான், அந்த வீட்டுக்காரருடைய சொந்த நாயை உள்ளே விடாமல். நல்ல மனிதர், சுடவில்லை. ஆடு மாடு இருக்கிற இடத்தில் நுழைந்த நாயைச் சுடுகிறவர்கள் இங்கே உண்டு.

அதற்குப் பிறகு ஐந்தடி நெருக்கக் கம்பி, கேட்டுக்கு அடியில் சிமென்ட் கட்டை, உள்பக்கம் நாயின் மூக்கு உயரத்தில் ஒரு மின்கம்பி, மேலே ஒரு மின்கம்பி. மின்வேலி என்றதும் ஊரில் காட்டுப்பன்றிக்கு நேரடி மின்சாரம் கொடுத்து ஆள் சாகிற செய்தி ஞாபகம் வரும். இது அது இல்லை. எனர்ஜைசர் என்ற பெட்டி விட்டுவிட்டுத் துடிப்பாகக் கொடுக்கும், சுள்ளென்று ஒரு அடி, அவ்வளவுதான். ஒரு தடவை மூக்கில் வாங்கிய நாய் மறு தடவை அந்தப் பக்கம் போகாது. எங்கள் பக்கம் ஒரு அடி தோண்டினாலே சுண்ணாம்புப் பாறை, கம்பம் நடுவதற்குத் துளை போடவே மெஷின் வாடகைக்கு எடுக்க வேண்டியிருந்தது, உங்கள் மண் எப்படி என்று பார்த்துக்கொள்ளுங்கள். கழுத்தில் ஜிபிஎஸ் பட்டையும் போடுங்கள். இவ்வளவும் முடிந்த பிறகு நாய் வரட்டும்.

முதல் இரண்டு வருஷம் பற்றி விற்கிறவர்கள் யாரும் சொல்ல மாட்டார்கள். எட்டு வாரக் குட்டியைப் பட்டியில் விட்டால் அது தானாகக் காவல் நாய் ஆகிவிடும், ரத்தத்திலேயே இருக்கிறது என்பார்கள். பாதி உண்மை. காக்கும் குணம் ரத்தத்தில் இருக்கிறது, எதைக் காப்பது என்பதைப் பழக்கித்தான் ஆகவேண்டும். எட்டு மாதத்திலிருந்து ஒன்றரை வயசு வரை அது ஐம்பது கிலோ உடம்பில் இருக்கிற சின்னப் பையன். ஆட்டுக்குட்டி துள்ளினால் இதுவும் துள்ளும், துரத்தும், காதைக் கடிக்கும், மேலே விழும். நான் வேலைக்குப் போயிருந்த ஒரு பகலில் கருப்பன் மூன்று வாரக் குட்டி ஒன்றை விளையாடியே கொன்றுவிட்டான். காயம் ஒன்றும் பெரிதாக இல்லை, எச்சில் ஊறிப்போய் மூச்சு வாங்கி வாங்கிச் செத்திருந்தது. அவன் அதன் பக்கத்திலேயே படுத்து முன்னங்காலால் தட்டித் தட்டி எழுப்பிக்கொண்டிருந்தான். தப்பு அவனுடையதா? பத்து மாத நாயைப் புதுக்குட்டிகளோடு ஆள் இல்லாமல் விட்டது நான். அந்த வயசில் ஆடுகளைப் பார்க்கிற மாதிரி, தொட முடியாத மாதிரி, பட்டிக்குள் தனிக் கூண்டு கட்டுங்கள். நீங்கள் கூட இருக்கும்போது மட்டும் வெளியே விடுங்கள், துரத்தினால் அந்த நொடியே ஒரு அதட்டல். முரட்டுத் தாயாடு இரண்டு இருந்தால் இன்னும் நல்லது, முட்டித் தள்ளியே மரியாதை கற்றுக்கொடுக்கும். இரண்டு வயசுக்குப் பிறகுதான் நான் அவனை நம்பிப் போனேன்.

உங்கள் "பகலில் வீடு" திட்டத்துக்கு வருவோம். ஏசியில் பையனோடு சோபாவில் வளர்ந்த நாயை ராத்திரி பட்டிக்கு அனுப்பினால் வாசல் கதவருகில் படுத்துக்கொண்டு வீட்டைத்தான் காக்கும், ஆட்டை இல்லை. அது எதோடு வளர்கிறதோ அதுதான் அதற்கு மந்தை. அதற்காகத் தொடவே கூடாது, கொஞ்சவே கூடாது என்று பழைய ஆட்கள் சொல்வதும் சரியில்லை. தொட விடாத நாய்க்கு எப்படி ஊசி போடுவீர்கள்? தினமும் பட்டிக்குப் போய்த் தடவுங்கள், வாயைத் திறந்து பாருங்கள், காலைத் தூக்கிப் பாருங்கள், வாரில் நடக்கவும் வண்டியில் ஏறவும் பழக்குங்கள். ஆனால் உறவெல்லாம் பட்டியில் நடக்கட்டும். பையனோடு நன்றாகவே பழகும், இந்த இனம் குழந்தைகளிடம் பொறுமைசாலி. கவலை பையனுடைய நண்பர்கள். நாலு பையன்கள் கத்திக்கொண்டு உருண்டு புரண்டால் அதற்கு அது விளையாட்டா அடிதடியா என்று தெரியாது, நடுவில் வந்து நிற்கும். ஐம்பது கிலோ நடுவில் வந்து நின்றாலே ஒரு குழந்தை விழும். விருந்தாளி வந்தால் நாய் வேலிக்கு அந்தப் பக்கம், இதில் பேச்சே வேண்டாம். பிரான்சில் மலையேறுகிறவர்களுக்கே பலகை வைத்திருக்கிறார்கள், மந்தை நாய் வந்தால் ஓடாதே, சைக்கிளிலிருந்து இறங்கி நட என்று.

வேலை செய்கிற நாய் எப்படி இருக்கும் என்று நான் முழுசாகப் பார்த்தது 2021 பிப்ரவரியில், டெக்சாஸ் முழுக்கப் பனி கொட்டி மின்சாரம் போன அந்த வாரம். தலைச்சன் சினையாடு ஒன்று எப்போது வேண்டுமானாலும் ஈனும் என்று இருந்தது. இரண்டு நாய்களையும் உள்ளே கூப்பிட்டேன், பனியில் குழி பறித்துச் சுருண்டுகொண்டார்கள், வரவில்லை. நள்ளிரவுக்கு மேல் பட்டிக்குப் போனால், இரட்டைக் குட்டி. ஒன்றைத் தாய் நக்கிக்கொண்டிருந்தது, மற்றதைத் திரும்பியும் பார்க்கவில்லை. அந்த மற்றதைக் கருப்பன் இரண்டு முன்னங்காலுக்கு நடுவில் வைத்து, மூக்கிலிருந்து வால்வரை நக்கிக் காயவைத்துவிட்டு, தாடையை அதன் மேல் லேசாகச் சாய்த்துப் படுத்திருந்தான். டார்ச் வெளிச்சத்தில் அவன் முதுகில் பனி ஒரு விரல் கனத்துக்கு உறைந்திருந்தது, உருகவே இல்லை, அவ்வளவு அடர்த்தி அந்த முடி. குட்டியைத் தொட்டால் அடிவயிறு சூடு. நஞ்சுக்கொடியைக் காணோம், அதை வெள்ளச்சி தின்று முடித்திருந்தாள். கேட்க அருவருப்பாக இருக்கும், ஆனால் அந்த வாசனைக்குத்தான் கயோட்டியே வருகிறது. பீய்ச்சி வைத்த சீம்பாலைப் புட்டியில் கொடுத்தேன். நான் கொடுத்து முடிக்கும்வரை மூக்கை என் மணிக்கட்டிலேயே வைத்திருந்தான்.

முடி என்றதும் ஞாபகம் வந்தது, வெயிலுக்கு மொட்டையடித்துவிடாதீர்கள். நிறைய பேர் பாவம் என்று செய்கிறார்கள். உள்முடியும் வெளிமுடியும் சேர்ந்துதான் சூட்டையும் தடுக்கிறது, தோல் வெந்துபோகாமலும் காக்கிறது. நிழலும் தண்ணீரும் போதும், மரத்தடியில் மண்ணைப் பறித்து ஈரத்தில் படுத்துக்கொள்ளும், அந்தக் குழிகளை மூடாதீர்கள். வசந்தத்தில் முடி கொட்டும்போது சீவிவிடுங்கள், காதுக்குப் பின்னால் சடை பிடிக்கும், ஒட்டுப்புல் காலிடுக்கில் ஏறும். பின்னங்கால் உள்பக்கத்தில் தரையைத் தொடாத இரட்டை விரல் இருக்கும், அந்த நகம் தேயாது, வெட்டாமல் விட்டால் வளைந்து சதைக்குள் போய்விடும்.

சாப்பாடு பயப்படுகிற அளவு இல்லை, உடம்புக்குப் பார்த்தால் குறைவாகவே தின்னும். குட்டியாக இருக்கும்போது பெரிய இனத்துக்கான தீனியைக் கொடுத்து மெதுவாக வளரவிடுங்கள், சீக்கிரம் பெருக்கவைத்தால் இடுப்பு மூட்டு போய்விடும். வயிறு உப்பி இரைப்பை முறுக்கிக்கொள்வது பெரிய நாய்களுக்கு எமன், சில மணி நேரத்திலேயே நாய் போய்விடும். கருத்தடை செய்யும்போதே இரைப்பையைத் தைத்துவிடச் சொல்லலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். கொசுவால் வரும் இதயப்புழுவுக்கு மாதாமாதம் மருந்து. இன்னொன்று, பல பேருக்குத் தெரியாதது: சில ஆட்டுத் தீவனங்களில் மோனென்சின் என்ற மருந்து கலந்திருக்கும், நாய்க்கு அது விஷம். மூட்டை லேபிளைப் படித்து வாங்குங்கள். ஆடுகள் நாய்ச்சோற்றைத் திருடவும் செய்யும், நாய் உறுமும், அதில் ஆடு கடி வாங்கும். நாய் மட்டும் நுழைகிற மாதிரி தனித் தடுப்பில் வைத்தால் இந்தச் சண்டையே இல்லை.

கோழி கடினம். படபடவென்று ஓடுகிற எதையும் குட்டி நாய் விளையாட்டுச் சாமானாகத்தான் பார்க்கும், ஆட்டைவிட அதிக நாள் பிடிக்கும். முடியாதது இல்லை. ஆஸ்திரேலியாவில் வார்னம்பூல் பக்கத்தில் மிடில் தீவில் நரிகள் தின்று தின்று 2005ல் அங்கிருந்த சின்ன வகைப் பென்குவின்கள் (லிட்டில் பென்குவின்) பத்துக்கும் கீழே வந்துவிட்டன. மறுவருஷம் ஒரு கோழிப்பண்ணைக்காரருடைய யோசனையில் மரெம்மா என்ற இத்தாலிய மந்தை நாய்களைக் காவலுக்கு விட்டு, பென்குவின்கள் மறுபடி பெருகின. அவையும் பிரனீஸுக்குச் சொந்தக்கார இனம் மாதிரிதான்.

கங்கால் வலுவானது என்கிறார்களே, அதை வாங்கலாமா என்று அடுத்து கேட்பீர்கள். துருக்கி நாய், நமீபியாவில் 1994லிருந்து சிவிங்கிப்புலிப் (சீட்டா) பாதுகாப்பு அமைப்பு ஒன்று இந்த வகைத் துருக்கி நாய்களைத்தான் ஆட்டுக்காரர்களுக்குக் கொடுக்கிறது. நாய் மந்தையைக் காத்தால் ஆள் சிவிங்கிப்புலியைச் சுட மாட்டான் என்ற கணக்கு. அருமையான நாய், முதல் முறை வளர்க்கிறவருக்கு இல்லை. ஊரில் இருக்கும் என் மச்சானும் அதையே கேட்டார், அபார்ட்மெண்ட் நாலாவது மாடியில். 2024 மார்ச்சில் மத்திய அரசு 23 இனங்களைத் தடுக்கச் சொல்லி மாநிலங்களுக்கு எழுதிய கடிதத்தில் கங்காலும் இருந்தது, ஏப்ரலில் கர்நாடக உயர்நீதிமன்றம் அதை ரத்து செய்தது, அதெல்லாம் இருக்கட்டும், நாலாவது மாடியில் அது எதைக் காக்கும்?

கடைசியாக, குட்டியா வளர்ந்ததா. உங்களுக்கு இப்போதே கயோட்டி தொல்லை, குட்டியால் இரண்டு வருஷத்துக்குப் பயனில்லை, கயோட்டிக்கு அதுவே ஒரு வாய். வளர்ந்த நாயாக வாங்குங்கள். டெக்சாஸில் மீட்பு இல்லங்கள் இந்த இனத்தால் நிரம்பி வழிகின்றன, இடம் போதாமல் வேறு மாநிலங்களுக்கு வண்டியில் ஏற்றி அனுப்புகிறார்கள். பெரும்பாலும் குரைக்கிறது, வேலி தாண்டுகிறது என்று விட்டவைதான். வெள்ளச்சி அப்படி வந்தவள், மூன்று வயசில், ஒரு புறநகர் வீட்டிலிருந்து. ஆடு என்றால் என்னவென்றே அவளுக்குத் தெரியாது, தடுப்புக்கு அந்தப் பக்கம் மூன்று மாதம் வைத்துத்தான் சேர்த்தேன். ஆடுகளோடு ஏற்கெனவே இருந்த நாய் கிடைத்தால் இன்னும் சுலபம், சான் ஆஞ்சலோ, பிரெடெரிக்ஸ்பர்க் பக்க ஆட்டுக்காரர்கள் மந்தையைக் குறைக்கும்போது நாயையும் விற்பார்கள். பார்க்கப் போகும்போது மதியம் போகாதீர்கள், எல்லா நாயும் தூங்கிக்கொண்டு நல்ல பிள்ளையாகத்தான் தெரியும். சாயங்காலம் போய் இருட்டும்வரை இருங்கள். நீங்கள் பட்டிக்குள் நுழைந்ததும் உங்களுக்கும் ஆடுகளுக்கும் நடுவில் வந்து நிற்கிறதா, ஆடுகள் அதைப் பார்த்து ஒதுங்குகின்றனவா, இல்லை மேல் உரசிக்கொண்டே மேய்கின்றனவா என்று பாருங்கள்.